வீட்டுக் கணினியில் மெயில் சர்வர்: எவ்வளவு இருந்தால் போதும்?

2024 ஜூலை கடைசி வாரம். என் மனைவி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் வேலை பார்க்கிறார். 31-ஆம் தேதி கடைசி நாள். வாடிக்கையாளர்கள் அனுப்பிய படிவம் 16, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அவருடைய மெயிலில் கிடந்தன. அந்த வாரத்தில்தான் மெயில் சேவை அவர் கணக்கைப் பூட்டியது. ஏதோ வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் தெரிந்ததாம். திரும்பத் திறக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அனுப்பியதையே வாட்ஸ்அப்பில் இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கு திறந்த அன்றே முடிவு செய்தோம். எங்கள் மெயில் முழுவதற்கும் ஒரு பிரதி எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். அவருடைய விண்டோஸ் கணினி, என்னுடைய லினக்ஸ் மடிக்கணினி இரண்டிலும் வழக்கம்போல தண்டர்பேர்டு என்ற மெயில் படிக்கும் மென்பொருளிலேயே அதைப் படிக்க வேண்டும். இதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அடுத்த சில மாதங்களில் பார்த்துவிட்டேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மெயில் சர்வர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன. உலகத்திலிருந்து வரும் மெயிலை வாங்குவது ஒன்று. வாங்கியதைச் சேர்த்து வைத்து, கேட்கும் கணினிக்குக் காட்டுவது இரண்டாவது. ஐமேப் என்பது இதுதான். நாம் எழுதுவதை வெளியே அனுப்புவது மூன்றாவது. இந்த மூன்றில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியது நடுவில் இருப்பது மட்டுமே என்பது என் முடிவு. மற்ற இரண்டையும் காசு வாங்குகிறவர்களிடமோ இலவசமாகத் தருகிறவர்களிடமோ விட்டுவிடலாம்.

முழு சர்வர் ஏன் வேண்டாம்

சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற சர்வர் மென்பொருள்களைப் போட்டு, மெயிலை நேராக வீட்டுக்கே வரவழைக்கலாமே என்ற ஆசை இந்த வேலையில் இறங்கும் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அது நடக்கப் பல காரியங்கள் கூடி வர வேண்டும். சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுத்து வாங்கும் வாசலான 25-ஆம் போர்ட் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் அது மூடியிருக்கும். பல நிறுவனங்கள் இப்போது ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அப்படிப்பட்ட இணைப்பில் வெளியிலிருந்து ஒருவர் உங்கள் சர்வரைத் தொடவே முடியாது. மாறாத ஐபி வாங்கினாலும், அந்த ஐபியிலிருந்து பெயரைத் திரும்பத் தேடினால் உங்கள் சர்வரின் பெயர் வரும்படி இணைய நிறுவனம் பதிவு செய்து தர வேண்டும். அப்புறம், மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள். இத்தனையும் சரியாக இருந்தும், வீட்டு இணைப்புகளின் ஐபி வரிசைகளை மொத்தமாகப் பட்டியலிட்டு வைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற இடங்களைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்க சர்வர் உங்கள் மெயிலைத் திருப்பிவிடலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவர்களிடம் கேட்கும் தகுதிகளை இன்னும் இறுக்கிவிட்டன.

மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது வெளி நிறுவனத்தின் இடத்தில் ஓடும் சர்வர், எடுக்கலாம். அங்கேயும் அமேசான், கூகுள் கிளவுடு, டிஜிட்டல்ஓஷன் போன்றவற்றில் வெளியே போகும் 25-ஆம் போர்ட் ஆரம்பத்திலேயே அடைத்துத்தான் இருக்கும். மெயில்கவ் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பைப் போட்டால் குறைந்தது 6 ஜிபி ரேம் கேட்கும். கம்பெனி நடத்துகிறவர்களுக்கு அது நியாயமான விலை. வீட்டுக்கு அது பெரிய பாரம். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்திய விஷயம் இது: சர்வர் படுத்துவிட்டால் அந்த நேரத்தில் வரும் மெயில் அனுப்பியவர் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருக்கும், சில நாளில் திரும்பியும் போய்விடும். நாங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது அது நடந்தால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது? இந்த வழியை அத்தோடு விட்டுவிட்டேன்.

சர்வரே இல்லாமல்

இதற்கு நேர் எதிர் வழி, சர்வர் எதுவும் வைக்காமல் தண்டர்பேர்டின் லோக்கல் ஃபோல்டர்களுக்கு மெயிலை நகலெடுத்து வைப்பது. ஒரே கணினி வைத்திருக்கிறவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, எல்லா மெயிலையும் பிடித்து லோக்கல் ஃபோல்டருக்கு காப்பி செய்தால் வேலை முடிந்தது.

இதில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. ஜிமெயில் 2022 மே கடைசியில் தனிநபர் கணக்குகளுக்குச் சாதாரண பாஸ்வேர்டில் நுழைவதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் நிறுத்தியது. பொதுவாக ஓஆத் என்ற வேறு முறையில்தான் இப்போது நுழைய வேண்டும் (ஜிமெயிலுக்கு இன்னொரு வழியும் உண்டு, கீழே வருகிறது). தண்டர்பேர்டு அதைத் தானே செய்துகொள்ளும். பிரவுசர் மாதிரி ஒரு ஜன்னல் திறக்கும், நீங்கள் லாகின் செய்தால் போதும். கீழே நான் சொல்லப்போகும் சின்னக் கருவிகளுக்கு அந்த முறை எளிதில் வராது.

குறை என்னவென்றால், தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் மொத்தத்தையும் எம்பாக்ஸ் வடிவில் ஒரே கோப்பில் வைக்கிறது. ஒரு மெயிலை அழித்தால் அது அந்தக் கோப்பிலிருந்து உடனே போகாது. ஃபோல்டரைச் சுருக்கும்போதுதான் போகும். சுருக்கும்போது முழுக் கோப்பும் திரும்ப எழுதப்படுகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போவதை நான் விரும்ப மாட்டேன். பேக்கப் எடுத்தாலும் அப்படித்தான்: 3 ஜிபி கோப்பில் புதிதாக ஒரே ஒரு மெயில் வந்திருந்தாலும் பேக்கப் மென்பொருளுக்கு அது மாறிப்போன 3 ஜிபி கோப்பு.

இரண்டு கணினி என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். ஒரே தண்டர்பேர்டு புரொஃபைலை (மெயிலும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டரை) நெட்வொர்க் டிரைவில் போட்டு இரண்டு பேரும் திறக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. ஒருவர் திறந்திருக்கும்போது அது பூட்டப்பட்டிருக்கும். பூட்டை ஏமாற்றித் திறந்தால் கோப்புகள் கெட்டுப்போகும்.

டவ்காட்: நாங்கள் நின்ற இடம்

டவ்காட் ஒரு ஐமேப் சர்வர். பின்லாந்துக்காரரான டிமோ சிரைனன் எழுதியது, 2002-இல் வெளிவந்தது. மெயிலை உலகத்திலிருந்து வாங்குவது, அனுப்புவது எதுவும் அதன் முக்கிய வேலை இல்லை. வட்டில் இருக்கும் மெயிலைக் கேட்கிறவர்களுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. நமக்கு வேண்டியதும் அதுவே.

எங்கள் வீட்டில் அது ஓடுவது பழைய மடிக்கணினி ஒன்றில். திரையின் ஓரம் உடைந்து மூலையில் கிடந்தது. டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு அலமாரியில் வைத்தேன். ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியே போதும். இரண்டு பேருக்கு டவ்காட் கேட்கும் நினைவகம் சில பத்து எம்பிதான். ஆனால் மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் சர்வர் படுக்காது, யுபிஎஸ் தனியாக வாங்க வேண்டாம். ராஸ்பெரி பை வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பாருங்கள்.

டெபியனில் நிறுவியவுடன் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். மெயில் எங்கே இருக்கிறது என்ற வரியில் எம்பாக்ஸ் என்று இருக்கும். அதை மெயில்டைர் ஆக்க வேண்டும் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). எந்த நெட்வொர்க் முகவரிகளில் காது கொடுக்க வேண்டும் என்ற வரியையும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அது எல்லா முகவரியிலும் கேட்கும். ஒரே கணினிக்கு மட்டும் என்றால், அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்று குறுக்கிவிடுங்கள். எங்களுக்கு இரண்டு கணினி என்பதால் வீட்டு நெட்வொர்க் முகவரியைச் சேர்த்தேன். ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்கவில்லை. ஒவ்வொரு மெயில் முகவரிக்கும் ஒரு லினக்ஸ் பயனரை உருவாக்கினால் அந்தப் பயனரின் பாஸ்வேர்டே மெயில் பாஸ்வேர்டு ஆகிவிடும்.

தண்டர்பேர்டு பக்கம், அதே கணினியில் இருந்தால் சர்வர் பெயர் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 143. ஒரே கணினிக்குள் நடக்கும் பேச்சை டவ்காட் பாதுகாப்பானதாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை வழியாக வந்தால் டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இல்லாமல் பாஸ்வேர்டு வாங்காது. போர்ட் 993 கொடுங்கள். சான்றிதழ் சர்வர் தானே போட்டுக்கொண்டது என்பதால் தண்டர்பேர்டு முதல் தடவை எச்சரிக்கும், ஏற்றுக்கொண்டால் மறுபடி கேட்காது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் புதிய அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஐமேப் மெயிலையும் மைக்ரோசாஃப்ட் கிளவுடு வழியாகத்தான் ஒத்திசைக்கும், வீட்டுக்குள் மட்டும் தெரியும் சர்வரை அது எட்டாது. பழைய அவுட்லுக் எட்டும்.

இனி மெயில்டைர். டவ்காட்டை நான் தேர்ந்தெடுக்கப் பாதிக் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயில் என்ற மெயில் சர்வருக்காக வகுத்த வடிவம் இது. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் மூன்று அறைகள்: தற்காலிகம், புதியது, நடப்பு. வரும் மெயில் முதலில் தற்காலிக அறையில் எழுதப்படுகிறது. முழுதாக எழுதி முடித்த பிறகுதான் புதிய அறைக்குப் பெயர் மாறுகிறது. நடுவில் கரண்ட் போனால் அரைகுறைக் கோப்பு தற்காலிக அறையிலேயே கிடக்கும்; இன்பாக்ஸில் பாதி மெயில் வந்து நிற்காது. நீங்கள் படித்தது, பதில் எழுதியது, நட்சத்திரம் போட்டது எல்லாம் கோப்புப் பெயரின் வாலிலேயே ஓரெழுத்துக் குறியாக ஒட்டிக்கொள்ளும். என் மனைவி ஒரு மெயிலைத் திறந்தார். நான் பக்கத்தில் டெர்மினலில் அந்தக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரின் கடைசியில் எஸ் என்ற எழுத்து வந்து சேர்ந்தது. பதில் அனுப்பியதும் ஆர் சேர்ந்தது. இத்தனை வருஷமாக மெயில் பயன்படுத்தியும், அது எங்கே எப்படி இருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அதே கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். தமிழில் எழுதிய மெயில் அது. தலைப்பு, உள்ளடக்கம் இரண்டுமே தமிழாகத் தெரியவில்லை. பேஸ்64 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஓடின. தமிழில் எழுதும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கோப்புதானே, லினக்ஸின் கிரெப் கட்டளை போட்டுத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தால், இப்படிக் குறியாக்கிய மெயிலில் தமிழ்ச் சொல் ஒன்றும் சிக்காது. டவ்காட் வழியாகத் தேடினால் அது குறியாக்கத்தைப் பிரித்துப் பார்த்துத் தேடும். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் வட்டில் அது ஆம்பர்சாண்டில் (&) தொடங்கும் புரியாத எழுத்து வரிசையாகத்தான் இருக்கும். தண்டர்பேர்டில் சரியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். என்னிடம் 2000-ஐ ஒட்டி திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதிய சில மெயில்களும் இருக்கின்றன. இன்று அவை எந்தத் திரையிலும் படிக்கும்படி இல்லை. ஆனால் அந்த பைட்டுகள் வந்தபடியே கோப்பில் இருப்பதால் என்றைக்கு வேண்டுமானாலும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே கொண்டுவரும் கருவி

டவ்காட் காட்ட மட்டும்தான் செய்யும். மெயில் சேவையிலிருந்து இழுத்து வந்து போட இன்னொரு கருவி வேண்டும். இரண்டு பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள்: கெட்மெயில், எம்பிசிங்க். கெட்மெயிலின் இன்றைய வடிவம் கெட்மெயில்6.

கெட்மெயில் ஒருவழிப் பாதை. எதை ஏற்கனவே கொண்டுவந்தோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, புதியதை மட்டும் இழுக்கும்படி அமைக்கலாம். நீங்கள் சொல்லாமல் அங்கே எதையும் அழிக்காது. இன்பாக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிடப் பத்திரமான கருவி இல்லை.

எம்பிசிங்க் எல்லா ஃபோல்டரையும் பார்க்கும், இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைத்திருக்கும். போனில் படித்தது வீட்டிலும் படித்ததாகத் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது, நானும் அதைத்தான் முதலில் போட்டேன். நீக்கங்களை மட்டும் ஒத்திசைக்க வேண்டாம், புதியவையும் கொடிகளும் (படித்தது, பதில் எழுதியது போன்ற குறிகள்) போதும் என்று அமைத்திருந்தேன். ஒரு நாள் மனைவி வீட்டுச் சர்வரில் ஒரு பழைய ஃபோல்டரை ஒழுங்குபடுத்தி இருநூறு மெயிலுக்கு மேல் அழித்தார். நீக்கப்பட்டது என்பதும் ஐமேப்பில் ஒரு கொடிதான். அது மறுபக்கம் போனது. அந்தக் கொடியைக் கண்டதும் மெயிலை அகற்றிவிடும்படி அந்தக் கணக்கில் அமைப்பு இருந்தது. பத்தே நிமிஷத்தில் இரண்டு இடத்திலும் மெயில் இல்லை. முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். எம்பிசிங்க் தன் கையேட்டில் இதைச் சொல்லித்தான் இருக்கிறது. நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன்.

இப்போது எம்பிசிங்க்தான் ஓடுகிறது. ஆனால் சேவையிலிருந்து வீட்டுக்கு, அதுவும் புதியவை மட்டும் என்று மாற்றிவிட்டேன். போனில் படித்தது வீட்டில் படிக்காததாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு விஷயம். மெயிலை நேராக ஃபோல்டருக்குள் போடாமல், டவ்காட்டுக்குள் ஐமேப் வழியாகவே போடும்படி அமைத்தேன். இரண்டு மென்பொருள்கள் ஒரே கோப்புகளைத் தொடாமல் இருப்பது நல்லது. ஜிமெயில் என்றால் எல்லா மெயிலும் சேர்ந்த அந்த ஒரு ஃபோல்டரை விலக்கிவிடுங்கள் அல்லது அதை மட்டும் எடுங்கள். லேபிள்கள் ஐமேப்பில் ஃபோல்டர்களாகத் தெரிவதால், இரண்டையும் எடுத்தால் ஒரே மெயில் இரண்டு மூன்று தடவை வந்து வட்டை நிரப்பும்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று கிடைக்கும். இந்தக் கருவிகளுக்கு அதைக் கொடுத்தால் ஒரு தொல்லையும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால்தான் வேலை கூடும். நடுவில் நின்று ஓஆத் பேசித் தரும் ப்ராக்ஸி என்ற இடைநிலை மென்பொருள் ஒன்றை ஓட்ட வேண்டியிருக்கும். உங்கள் கணக்குகள் எல்லாம் அங்கேதான் என்றால், இவ்வளவு செய்வதைவிட ஒரு கணினியில் தண்டர்பேர்டைத் திறந்து வைத்து, ஒரு ஃபில்டர் எழுதி, வரும் மெயிலைத் தண்டர்பேர்டே வீட்டு டவ்காட்டுக்கு நகலெடுக்கும்படி செய்துவிடலாம். என் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

விண்டோஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் ஹெச்மெயில்சர்வர் என்ற விண்டோஸ் மெயில் சர்வரின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பாப்3 என்ற மெயில் இறக்கும் முறை வழியாக வெளிக் கணக்கிலிருந்து மெயிலை இழுக்கும் வசதி அதற்குள்ளேயே உண்டு. அதன் மேம்பாடு நின்றுவிட்டது என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மெயில்டைர் கோப்புப் பெயரில் கோலன் (:) குறி வரும், விண்டோஸ் அதை ஏற்காது. ஆகவே விண்டோஸ் டிரைவில் நேராக இதைச் செய்யவும் முடியாது. ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போடுவதே சுலபம்.

அனுப்புவது

இதற்கு வீட்டில் எதுவும் வேண்டாம். தண்டர்பேர்டில் மெயிலை எங்கிருந்து படிக்கிறோம் என்பதும் எது வழியாக அனுப்புகிறோம் என்பதும் தனித்தனி அமைப்பு. படிப்பது வீட்டு டவ்காட்டில், அனுப்புவது சேவையின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வரில், போர்ட் 465 அல்லது 587. அனுப்பியதன் பிரதி எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்றும் சொல்லலாம். ஜிமெயில் தன் வழியாகப் போனதைத் தானே சேமித்துக்கொள்ளும். அதன் அனுப்பியவை ஃபோல்டரையும் இழுத்து வந்து, தண்டர்பேர்டையும் சேமிக்கச் சொன்னால் ஒவ்வொன்றும் இரட்டையாகும். ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள்.

பேக்கப்

ஒரு மெயில் ஒரு கோப்பு என்பதால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டால் புதிதாக வந்தது மட்டும் போகும். தினமும் இரவு 2 மணிக்கு எங்கள் சர்வர் இதைச் செய்கிறது, ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்தால் மறுபடி அதே கோலன் சிக்கல். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். டவ்காட்டுக்கு எம்டிபாக்ஸ் என்ற சொந்த வடிவமும் உண்டு, லட்சக்கணக்கான மெயிலுக்கு அது வேகமானது. ஆனால் டவ்காட் இல்லாமல் அதைப் படிக்க முடியாது. எனக்கு மெயில்டைர் போதும். பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்து இஎம்எல் என்று பெயர் மாற்றினால் எந்தக் கணினியிலும் தண்டர்பேர்டு அதைத் திறந்து காட்டும். பேக்கப் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை இப்படித்தான் சோதிக்கிறேன்.

நாங்கள் இன்னும் டெபியன் 12-இலேயே இருக்கிறோம். டெபியன் 13-இல் வருவது டவ்காட் 2.4. அதில் அமைப்புக் கோப்பின் மொழியே மாறிவிட்டது. மெயில் எங்கே என்று ஒரே வரியில் சொன்னதை இப்போது வடிவம் தனி, பாதை தனி என்று பிரித்து எழுத வேண்டும். 2.3-க்கு எழுதிய கோப்பை அப்படியே வைத்தால் சர்வர் எழும்பாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக 13-இல் தொடங்கிவிடுங்கள், இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து வரிக்கு வரி எழுதாதீர்கள். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் பழைய அமைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, வேலை குறைவான ஒரு வாரத்தில் மாறுங்கள். எங்கள் வீட்டில் அது ஆகஸ்ட்டுக்குப் பிறகுதான். மெயில்டைர் கோப்புகளில் மாற்றம் ஒன்றும் இல்லை.